பிரெஞ்சு மக்கள் மன்னராட்சிக்கு எதிரா எப்படி எழுந்தாங்க?

பரீட்சைக்காக கேக்கறீங்கன்னா 1789 ஜூலை 14, பாரிஸ்ல சிறையா இருந்த பாஸ்டில் கோட்டைய ஜனங்க புடிச்சாங்கனு எழுதிட்டு மார்க் வாங்கிக்கோங்க, தப்பில்ல. ஆனா எல்லாரும் அதோட கதைய முடிச்சிடறாங்க பாருங்க, அதான் எனக்கு பொறுக்கல. அன்னைக்கு உள்ள இருந்த கைதிங்களே 7 பேர் தான். காலைல இன்னொரு இடத்துல துப்பாக்கிய அள்ளிட்டாங்க, சுட மருந்து இல்ல, அது பாஸ்டில்ல இருந்துச்சு, அதுக்குத்தான் முக்கியமா போனாங்க. கோட்டை விழுந்த அப்புறமும் பதினாறாம் லூயி பாரிஸுக்கு வெளிய வெர்சாய் அரண்மனைல ராஜாவா தான் உக்காந்திருந்தார்.

அவர அங்கேந்து கிளப்பினது பொம்பளைங்க. 1788ல விளைச்சல் போச்சு, 89 ஆரம்பத்துல பாரிஸ்ல நாலு பவுண்டு ரொட்டி 14 சூவுக்கு (அந்தக் காலத்து பிரெஞ்சு சில்லறைக் காசு) மேல போயிடுச்சு, கூலிக்காரன் நாள் முழுக்க உழைச்சா 20லேந்து 30 சூ, அப்ப வீட்டு வாடகை, விறகுக்கு எங்க போறது? இந்த நேரத்துல வெர்சாய்ல பட்டாளத்துக்கு விருந்துனு சேதி வருது. அக்டோபர் 5 காலைல மார்க்கெட் பொம்பளைங்க டவுன்ஹால்ல பூந்து ஆயுதம், பீரங்கியெல்லாம் எடுத்துக்கிட்டு கொட்ற மழைல வெர்சாய்க்கு நடந்தாங்க, கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர்.

20 கிலோமீட்டர் தானேனு சொல்றவங்களுக்காக என் கதைய சொல்றேன். நான் பாண்டிக்காரி, கல்யாணம் ஆகி பாரிஸ் வந்தவ, பாரிஸுக்கும் வெர்சாய்க்கும் நடுவுல இருக்கற செவ்ர்ல ஒரு ஆபீஸ்ல க்ளீனிங் வேலை. 2019 டிசம்பர்ல பென்ஷன் சட்டத்துக்கு எதிரா ஸ்ட்ரைக், மெட்ரோ பஸ் ஒண்ணும் சரியா இல்ல, விடியறதுக்கு முன்னாடி மழைல நடந்தே போனேன். செவ்ர் பாலம் ஏறறதுக்குள்ள ஷூ ஊறி கால் மரத்துப் போச்சு. அந்தம்மாங்களும் செவ்ர் வழியா தான் போனாங்க, ஆனா அவங்களுக்கு அங்கேந்து வெர்சாய்க்கு இன்னும் மேட்டு ரோடு பாக்கி, வயித்துல ரொட்டி கூட இல்லாம. நான் லேட்டா வந்தேன்னு சூப்பர்வைசர் அந்த மாசம் சம்பளத்துல புடிச்சிட்டான், அவன் மட்டும் கார்ல வந்தான், அத இன்னைக்கும் மறக்கல.

சரி விஷயத்துக்கு வரேன். மனித உரிமை பிரகடனத்துக்கு அதுவரைக்கும் சம்மதிக்காம இழுத்துக்கிட்டு இருந்த ராஜா அன்னைக்கு ராத்திரியே தலையாட்டினார். விடியக்காலைல கூட்டம் அரண்மனைக்குள்ள பூந்துடுச்சு, 6ஆம் தேதி ராஜா, ராணி, பிள்ளைங்க எல்லாரையும் மாவு வண்டிங்களோட பாரிஸுக்கு கூட்டிட்டு வந்துட்டாங்க. "ரொட்டிக்காரரு, ரொட்டிக்காரரு பொண்டாட்டி, குட்டி ரொட்டிக்காரன்"னு கிண்டல் வேற. காவலாளிங்க தலைய ஈட்டில குத்தி எடுத்துட்டு வந்தாங்களேனு சண்டைக்கு வராதீங்க, அதுவும் நடந்தது தான், நான் மறைக்கல. ஆம்பளைங்க போகலனும் சொல்லல, பின்னாடியே தேசிய காவல்படை தளபதி லஃபாயெத் தலைமைல ஆயிரக்கணக்குல படை போச்சு. ஆனா முதல்ல கிளம்பினது யாரு?

மிச்சத்த எல்லா புக்லயும் போட்டிருப்பாங்க. 1791 ஜூன்ல ராஜா குடும்பத்தோட தப்பிச்சு ஓடி, வாரென் (Varennes)ங்கற ஊர்ல மாட்டினார், 1792 ஆகஸ்ட் 10 ஜனங்க த்வீல்ரி அரண்மனைய அடிச்சுப் புடிச்சாங்க, செப்டம்பர் 21 மன்னராட்சியே ரத்து, 1793 ஜனவரி 21 ராஜா தலைய கில்லட்டின் மெஷின்ல வெட்டினாங்க. அந்த த்வீல்ரி அரண்மனை பாரிஸ் நடுவுல இருந்துச்சு. ராஜா அங்க கைக்கெட்டற தூரத்துல இருந்ததே மார்க்கெட் பொம்பளைங்களால தான்.

எங்க பாண்டில வருஷா வருஷம் ஜூலை 14க்கு சொல்தா தாத்தாங்க (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க) மெடல் குத்திக்கிட்டு பீச் ரோட்டு நினைவுச் சின்னத்துல மாலை வைப்பாங்க, சின்ன வயசுல நானும் கொடி புடிச்சு நின்னிருக்கேன், அக்டோபர் 5 பத்தி ஒருத்தரும் வாயத் தெறக்கல. அட, அந்த நாட்டுலயே என்ன மரியாதை குடுத்தாங்க? 1793 அக்டோபர்ல பொம்பளைங்க சங்கத்துக்கெல்லாம் தடை போட்டாங்க, ஓட்டுரிமை குடுத்ததே 1944ல தான்.