பண்டித ரமாபாயின் பயணநூல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டித ரமாபாயை விதவைகளுக்குப் பள்ளி நடத்தியவர், கிறிஸ்தவத்துக்கு மாறியவர் என்ற அளவிலேயே அறிந்திருந்தேன். அவர் மராத்தியில் அமெரிக்கப் பயணநூல் ஒன்றும் எழுதியிருப்பதாக அண்மையில் தெரிந்துகொண்டேன். கல்விப்பணிக்கு நடுவே பொழுதுபோக்காக எழுதியதா அது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

அந்த நூலைக் கல்விப்பணியிலிருந்து பிரிக்கவே முடியாது என்பது என் எண்ணம். ரமாபாய்க்குப் பயணம் பிறப்பிலேயே வாய்த்தது. மனைவிக்கு சமஸ்கிருதம் கற்பித்ததற்காகப் பகை தேடிக்கொண்ட அவருடைய தந்தை, புராணம் வாசித்தபடி குடும்பத்துடன் தலம் தலமாக அலைந்தார். 1874இல் சென்னை மாகாணத்துப் பஞ்சத்தில் பெற்றோர் இருவரும் இறந்தபின், அண்ணனுடன் பசியோடு நடந்து நடந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தவர் அவர்.

1886 மார்ச் 11 அன்று, பிலடெல்பியாவில், மேற்கத்திய மருத்துவம் படித்த முதல் இந்தியப் பெண்களில் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெற்றபோது, இங்கிலாந்திலிருந்து கைக்குழந்தைப் பருவம் கடந்திருந்த மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்த ரமாபாய் அவையில் இருந்தார். விழாவுக்கென வந்தவர் இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் அங்கே தங்கி, ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெலின் மழலையர் கல்விமுறையைக் கற்றார். ஊர் ஊராகப் பேசினார். இந்திய உயர்சாதிப் பெண்களின் நிலையை அமெரிக்கர்களுக்கு விளக்கி 1887இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவருடைய பள்ளிக்குப் பத்தாண்டுகள் உதவுவதாக பாஸ்டனில் ஒரு சங்கமே அமைந்தது.

1889இல் வந்த மராத்தி நூல் எதிர்த்திசையில், நம்மவர்களை நோக்கிப் பேசுகிறது. பள்ளிகளை எப்படி நடத்துகிறார்கள், பெண்கள் எவ்வாறு சங்கம் கூடிப் பணம் திரட்டுகிறார்கள் என்று அவர் விவரிக்கும்போது, ஊருக்குத் திரும்பியதும் அதையே செய்யப்போகிற ஒருவரின் கண் தெரிகிறது. ஆனால் அது வெறும் புகழ்மாலை அல்ல. அடிமைமுறையையும் அம்மண்ணின் பூர்வகுடிகளுக்கு நேர்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்நூல்மீது தனி மதிப்பு உண்டு.

அதே 1889இல், அதே மார்ச் 11ஆம் நாளில், பம்பாயில் விதவைகளுக்கான அவருடைய பள்ளியான சாரதா சதனம் தொடங்கியது. அதன் முதல் விதவை மாணவியான கோதுபாய், பிற்காலத்தில் சமூகச் சீர்திருத்தவாதி தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார்.

மீரா கோசாம்பியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இல் வெளிவந்திருக்கிறது. பெண்களின் நிலையைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள்.