குதிரையேற்றப் பயிற்றுவிப்பாளராக விரும்பும் மகள்: களுவாஞ்சிகுடித் தாயார் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடந்த வாரம் தொழில் ஆலோசனை கேட்டு மகளுடன் என்னிடம் வந்திருந்த நீங்கள், அவள் முன்னிலையில் கேட்க மனமில்லாமல், புறப்படும்போது வாசலில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "நாளைக்குக் கலியாணம், பிள்ளைகள் என்று வந்தால் இந்த வேலை சரிவருமா?" உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை குதிரையேற்றம் கற்பிக்கப் போகிறேன் என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் எழக்கூடிய கேள்விதான் அது. வாசலில் நின்றபடி அதற்கு விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன்.

பெண்பிள்ளைக்கு இது ஏற்ற தொழிலா என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஆண்களும் பெண்களும் தனிப் பிரிவுகளின்றி ஒரே போட்டியில் மோதுகிறார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் குதிரையேறியவரும் மத்தில்டா கார்ல்சன் என்ற பெண்மணியே. நீங்கள் கவலைப்பட வேண்டியது வேலை நேரத்தையும் பருவத்தையும் பற்றித்தான்.

ஓய்வாக நிற்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரையும் இருக்கும். வெயிலில் ஓட விட்டால் இரண்டும் விரைவாக ஏறும். களப்பையும் கடலையும் ஒட்டிய நமது ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராததால், ஏறிய வெப்பம் தணிய நெடுநேரமாகும். ஆனால் கிழக்குக் கரைக்கு உல்லாசப் பயணிகள் திரண்டு வருவதும், குதிரைகளுக்கு வேலை கூடுவதும், கச்சான் காற்று அனலாய் வீசுகிற மே முதல் செப்ரெம்பர் வரையான மாதங்களில்தான். அதனால் அந்நாட்களில் பயிற்றுவிப்பாளர் விடியற்காலை நாலரை மணிக்கே லாயத்தில் நிற்க வேண்டும்; ஒன்பது மணிக்குள் காலைப் பயிற்சியை முடித்து, குதிரையை நீரூற்றிக் குளிரவைத்து நிழலில் கட்டிவிட்டு, மாலை நான்கு மணிக்கு மீண்டும் தொடங்கி இருட்டும் வரை நிற்க வேண்டும். நடுப்பகல் முழுவதும் அவருக்கு ஓய்வு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கரையோர விடுதியொன்றின் லாயத்தில் இத்தகைய ஒருவரைக் கண்டேன். இரண்டு பிள்ளைகளின் தாய். இன்னும் விடியவில்லை. குதிரையின் முன்னங்காலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, குளம்பில் இறுகியிருந்த மணலை மறுகையிலிருந்த கொக்கியால் சுரண்டிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் இடையில் கைபேசியை இடுக்கியபடி, மகளின் பாடசாலை ரிபன் எந்த இலாச்சியில் இருக்கிறது என்று தம் தாயாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு முடியும் வரை குதிரையும் காலை உதறாமல் நின்றது. பருவ மாதங்களில், தம் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு படலையைத் தாண்டிப் போவதைத் தாம் பார்த்ததே இல்லை என்றும், ஆனால் அவர்கள் பாடசாலை விட்டு ஒன்றரை மணிக்குத் திரும்பும்போது சோறு சமைத்து வைத்துக்கொண்டு தாமே வாசலில் நிற்பதாகவும் அவர் சொன்னார். அலுவலகத்துக்குப் போகும் தாய்மார் பலருக்கு அந்த ஒன்றரை மணி வாய்ப்பதில்லை என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவருக்கு அது இயன்றது, லாயம் வீட்டிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்ததாலும், அடுத்த வளவில் தாயார் இருந்ததாலும்தான். மகளுக்கு வீட்டைக் கொடுத்து, மருமகன் அங்கு வந்து வாழ்கின்ற நமது மட்டக்களப்பு வழக்கம், இந்தத் தொழிலுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை வெளியூர்ப் பெண்களின் நிலையோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். ஆயினும் அம்மா, அந்த ரிபனைக் கட்டப்போவது நீங்கள்தான். வருடத்தில் ஐந்து மாதம் காலை நேரத்தைச் சுமக்க உங்களுக்கு உடலும் மனமும் இடம் தருமா என்பதை மகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சம்பந்தம் பேசும் காலத்தில், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது தகப்பனின் பொறுப்பாகவும் இருக்கும் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள்.

தூரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உல்லாசப் பயணிகள் திரளும் கரைகளில், உங்கள் ஊரிலிருந்து பாசிக்குடா சுமார் 60 கிலோமீற்றர். அறுகம்குடா அதைவிடத் தொலைவு. நடுப்பகலில் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து மாலைப் பயிற்சிக்குத் திரும்பும் தூரமல்ல. திருமணத்துக்கு முன்னர் அங்கே தங்கி வேலை செய்யலாம். பிள்ளைகள் பிறந்த பின்னர் லாயம் வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், அல்லது வீடு லாயத்துக்கு அருகில் இருக்க வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை என்று குடும்பம் கூடுகிற நாட்கள் எல்லாம் இந்தப் பருவத்துக்குள்ளேயே வருகின்றன. குதிரைக்கே வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தேவை. அந்த நாளையும் திருவிழா நாட்களையும் வேலையை ஏற்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்; பருவம் தொடங்கிய பின்னர் கேட்டால் கிடைக்காது.

நியமனக் கடிதம் இல்லாமல் மகள் ஒரு நாளும் சேணத்தில் ஏறக் கூடாது. தற்காலிக ஊழியராயினும் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு அவளது சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியால் 3 வீதமும் செலுத்தப்பட வேண்டும். மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள். கருவுற்ற காலத்தில், விழும் ஆபத்தைக் கருதிக் குதிரையேறுவதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிட்டு, தரையில் நின்றபடியே மாணவருக்குக் கற்பிக்கவும் முடியும். அந்த மாதங்களில் அப்படிக் கற்பிக்கும் பொறுப்பைத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

வாடைக்காற்றோடு மாரிமழை தொடங்கினால் பயணிகளும் வருமானமும் குறைந்துவிடும். குதிரை மட்டும் அன்றும் தின்னும், அதன் குளம்பும் ஈரத்தில் அழுகப் பார்க்கும். இதனால்தான் குதிரையேற்றத்தோடு கால்நடைப் பராமரிப்பையும் படிக்கும்படி மகளிடம் வற்புறுத்தினேன். குண்டசாலையில் உள்ள கால்நடை வளர்ப்புப் பாடசாலையின் டிப்ளோமாவுக்கு அவளது உயிரியல் பாடம் துணை செய்யும். கற்பிக்கும் தகைமைக்கு, 1947இல் தொடங்கப்பட்ட பிரித்தானியக் குதிரைச் சங்கத்தின் படிநிலைத் தேர்வுகள் பல நாடுகளில் மதிக்கப்படுகின்றன. செலவு கூடியவை என்பதால் அவற்றை முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டாம்.

இப்போதைக்கு ஒரேயொரு காரியம் செய்யுங்கள். நுவரெலியாவிலோ கரையோரத்திலோ நம்பிக்கையான ஒரு லாயத்தில், தங்குமிடத்தை நீங்களே நேரில் பார்த்துத் திருப்தியடைந்த பின்னர், ஒரு மாதம் உதவியாளராக அவளைச் சேர்த்துவிடுங்கள். சாணம் அள்ளுவதும் தண்ணீர் சுமப்பதும்தான் பெரும்பாலும் கிடைக்கும் வேலையாக இருக்கும். பத்தாம் நாள் விடியற்காலை யாரும் எழுப்பாமல் அவள் எழுந்து போகிறாளா என்று விசாரித்து அறிந்த பின்னர், இருவரும் மறுபடி என்னிடம் வாருங்கள்.