கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டைத் தேடி

கேள்வி: என் கொள்ளுப்பாட்டி 1920களில் தமிழ்நாட்டிலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். பெயர் தெரியும், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியது தெரியும். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று தெரியவில்லை. அவருடைய கடைசி மகள், என் சின்னப்பாட்டி, இன்னும் இருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சகோதரி, முதலில் நாகப்பட்டினத்தைச் சொந்த ஊர் என்று எழுதிவிடாதீர்கள். அது கப்பல் ஏறிய துறைமுகம், அவ்வளவுதான். தஞ்சாவூர், திருச்சி, சேலம் என்று பல பக்கத்து ஆட்களும் அங்கே வந்துதான் பினாங்குக்குக் கப்பல் ஏறினார்கள். அப்புறம், ஒப்பந்தக் கூலி முறை 1910லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் ஒப்பந்தப் பத்திரம் தேடி அலைய வேண்டாம்.

1920களில் ஆள் கூட்டி வந்தது பெரும்பாலும் தோட்டத்து மேஸ்திரியான கங்காணிதான், அதுவும் தன் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும். பாட்டி எந்தக் கங்காணியின் கீழ் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றார், அந்தக் கங்காணி எந்த ஊர்க்காரர், அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த மற்றவர்கள் எந்த ஊர் என்று விசாரித்தால் வட்டாரம் பிடிபட்டுவிடும்.

சின்னப்பாட்டியிடம் "அம்மாவுக்கு எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "உங்க காதுகுத்துக்கு யார் மடியில உட்கார வச்சாங்க? தாய்மாமன் சீர் யார் கொண்டு வந்தாங்க? அம்மா இறந்தப்ப பிறந்த வீட்டுக் கோடி யார் போட்டாங்க?" என்று கேளுங்கள். கூடப்பிறந்தவர் இங்கே இல்லாதபோது அந்த இடத்தில் நின்றவர் பங்காளியாகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருக்கலாம். குலதெய்வத்தைக் கேட்கும்போதும் கவனம். நீங்கள் இப்போது கும்பிடுவது பெரும்பாலும் ஆண் வழிச் சாமியாக இருக்கும். பாட்டியின் பிறந்த வீட்டுச் சாமி எது என்று தனியாகக் கேட்க வேண்டும், பெண் வழி வேர் அங்கேதான் அறுந்து போகிறது.

பத்திரம் என்று பார்த்தால், பாட்டி பெயரைத் தேடுவதைவிடப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைத் தேடுங்கள். தாய் என்ற இடத்தில் அவர் இருப்பார், தோட்டத்தின் பெயரும் கிடைக்கலாம். வீட்டில் இல்லையென்றால் தேசியப் பதிவிலாகாவில் கேளுங்கள். எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள்; மாரியாயி ஒரு தாளில் மாரியாய், இன்னொன்றில் மாரியம்மா ஆகியிருப்பார். பிள்ளைகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1930களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து ஏராளமானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள், பாட்டியும் போய்த் திரும்பி வந்திருக்கலாம். அவரே எடுத்த அடையாள அட்டை என்றால் 1948இலோ அதற்குப் பிறகோதான் இருக்கும், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தில்தான் அந்தப் பதிவு வந்தது.

தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோல் கிடைத்தால் நல்லது, ஆனால் அதில் இருப்பது வேலை நாளும் கூலியும். பல தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்று போட்ட அந்தக் கணக்கில் பிறந்த வீட்டைத் தேட முடியாது.

இலாகாவுக்கு அடுத்த மாதம்கூடப் போகலாம். சின்னப்பாட்டி வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள், கைபேசியில் பேச்சைப் பதிவு செய்யுங்கள், பழைய படம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். படத்தைக் காட்டினால்தான் பெயர்கள் வரும்.