நானோகம்பியின் வடிவம் அதன் காந்தத்தை எப்படி மாற்றுகிறது? கேள்வி பதில்

நிக்கல் எங்கே இருந்தாலும் நிக்கல்தானே சார், நானோமீட்டர் கனத்தில் கம்பியாக்கினால் மட்டும் குணம் ஏன் மாறணும்?

உலோகம் மாறவில்லை, அதன் விளிம்புகள் இருக்கும் இடம்தான் மாறுகிறது. காந்தமாக்கம் எந்தப் பரப்பில் போய் முட்டுகிறதோ அங்கே துருவம் உண்டாகும், அந்தத் துருவங்கள் உள்ளுக்குள் ஒரு எதிர்ப்புலத்தைப் போடும். கம்பியை நீளவாக்கில் காந்தமாக்கினால் துருவங்கள் இரண்டு முனைகளில் மட்டும், ஒன்றுக்கொன்று ரொம்ப தூரத்தில் இருப்பதால் எதிர்ப்புலம் கிட்டத்தட்ட பூஜ்யம். குறுக்கே காந்தமாக்கினால் பக்கப் பரப்பு முழுக்கத் துருவம். எதிர்ப்புலம் பூரிதக் காந்தமாக்கத்தில், அதாவது உலோகம் எட்டக்கூடிய உச்சக் காந்தமாக்கத்தில், பாதி. நிக்கலுக்கு அது சுமார் 0.3 டெஸ்லா, இரும்புக்கு 1 டெஸ்லாவுக்குச் சற்று மேலே. அதனால்தான் காந்தமாக்கம் தானாகவே அச்சோடு படுத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் கோயர்சிவிட்டி, அதாவது காந்தமாக்கத்தைக் கவிழ்க்கத் தேவையான எதிர்ப்புலம், 0.3 டெஸ்லா வரணுமே அண்ணா? நான் அளந்தால் அதில் பாதிகூட வரவில்லை.

உங்கள் அளவீட்டில் தப்பில்லை. 0.3 என்பது 1948-ல் ஸ்டோனரும் வோல்ஃபார்த்தும் சொன்ன மாதிரி எல்லா ஸ்பின்னும் (அணுக்களின் குட்டிக் காந்தங்கள்) ஒன்றாகத் திரும்பினால் வரும் எண். நிஜக் கம்பி அப்படித் திரும்புவதில்லை. முனையில் துருவம் குவிந்திருப்பதால் அங்கே ஒரு சின்னப் பகுதி முதலில் கவிழும், கவிழ்ந்த பகுதிக்கும் கவிழாத பகுதிக்கும் நடுவே ஒரு டொமைன் வால் (domain wall, எல்லைச் சுவர்) பிறக்கும், அது மறுமுனைவரை ஓடிவிடும். நிக்கலில் விட்டம் 40 நானோமீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஸ்பின்கள் அச்சுக்குக் குறுக்கே நிற்கும் குறுக்குச் சுவர். தடித்த கம்பியில் ஸ்பின்கள் அச்சைச் சுற்றிச் சுழலும் சுழல் சுவர். விட்டம் ஏற ஏற கோயர்சிவிட்டி இறங்கும். நீளம் விட்டத்தைப் போல 10 மடங்கைத் தாண்டிவிட்டால் அதற்குமேல் நீளத்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

அலுமினா டெம்ப்ளேட்டில், அதாவது நுண்துளைகள் உள்ள அலுமினிய ஆக்சைடு அச்சில், வளர்த்தேன். புலத்தை ஏற்றி இறக்கி அளக்கும் காந்தமாக்க லூப் சதுரமாக வராமல் சாய்ந்து வருகிறது, அச்சுவாக்கிலும் குறுக்கிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. கம்பி சரியாக வளரவில்லையா?

கம்பியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இடைவெளியைப் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் அளப்பது ஒரு கம்பியை இல்லை, கோடிக்கணக்கான கம்பிகளின் கூட்டத்தை. ஒவ்வொன்றின் கசிவுப் புலமும் பக்கத்துக் கம்பியை எதிர்த்திசையில் தள்ளுகிறது. பரப்பில் கம்பிகள் அடைத்திருக்கும் பங்கை P என்று வைத்துக்கொண்டால், தனிக் கம்பியின் வடிவத் திசைச்சார்புப் புலத்தை (காந்தமாக்கத்தை அச்சோடு பிடித்துவைக்கும் புலம்) 1−3P-யால் பெருக்க வேண்டும். டெம்ப்ளேட்டை ஆக்ஸாலிக் அமிலத்தில் 40 வோல்ட்டில் செய்தால் துளைகள் சுமார் 100 நானோமீட்டர் தள்ளித் தள்ளி அறுகோண ஒழுங்கில் வரும். விட்டம் 35 என்றால் P சுமார் 0.11, மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். துளையை அகலப்படுத்தி 60 ஆக்கினீர்களோ, P சுமார் 0.33, மிச்சம் பூஜ்யம்! ஒவ்வொரு கம்பியும் நன்றாக இருந்தும் கூட்டமாகப் பார்த்தால் எளிய அச்சே (காந்தமாக்கம் விரும்பும் திசை) காணாமல் போய்விடும். விட்டத்தை மட்டும் எழுதி இடைவெளியை எழுதாமல் விடுவது எனக்குச் சம்மதமே இல்லை, ஆய்வேட்டில் இரண்டையும் போடுங்கள்.

கோபால்ட்டுக்கும் இதே கணக்குதான் என்று ஒரு அக்கா சொன்னார், சரியா?

அக்கா சொன்னது பாதி சரி. கோபால்ட்டில் படிகத்தின் விருப்பமும் கிட்டத்தட்ட வடிவத்துக்குச் சமமான பலம். c அச்சு (கோபால்ட் படிகம் விரும்பும் திசை) கம்பிக்குக் குறுக்கே விழுந்தால் இரண்டும் மோதும். மின்படிவுக் கரைசலின் பிஹெச் மாறினாலே c அச்சு திரும்பலாம், அதனால் எக்ஸ்ரே விளிம்புவிளைவு பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள்.

கம்பியில் வெட்டு வைத்தால், ஒரு பக்கம் கூராக்கினால்?

டொமைன் வாலின் ஆற்றல் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, எனவே சுவர் ஒடுங்கிய இடத்தைத் தேடும். கூராக்கினால் கூர்முனைப் பக்கம் நகரப் பார்க்கும், வெட்டு வைத்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். 2008-ல் ஸ்டூவர்ட் பார்க்கின் குழு விவரித்த ரேஸ்டிராக் மெமரியில் (கம்பியில் சுவர்களை நகர்த்தித் தகவல் சேமிக்கும் நினைவகம்) பிட்டுகளை நிறுத்த இப்படிப்பட்ட வெட்டுகளைத்தான் யோசித்தார்கள். தட்டைப் பட்டையில் ஒரு வேகத்துக்கு மேல் சுவர் தடுமாறும், வாக்கர் எல்லை என்பது அதுதான். மெல்லிய உருளைக் கம்பியில் அந்த எல்லை இல்லை என்று 2010-ல் சிமுலேஷனில் காட்டினார்கள்.

இதெல்லாம் லேபுக்குள் மட்டும்தானா?

இல்லவே இல்லை. 1931-ல் ஜப்பானில் மிஷிமா கண்டுபிடித்த எம்கே எஃகிலிருந்து வளர்ந்த அல்னிகோ காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ரகங்களைக் காந்தப்புலத்தில் வைத்துப் பதப்படுத்தும்போது உள்ளே இரும்பு-கோபால்ட் நுண்தண்டுகள், சில பத்து நானோமீட்டர் கனத்தில், ஒரே திசையில் பிரிந்து நிற்கும். அதன் கோயர்சிவிட்டி வருவதே அந்தத் தண்டுகளின் நீள வடிவத்தால். பல எலெக்ட்ரிக் கிடார்களின் பிக்கப்பில் (கம்பி அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) இன்றும் அதை வைக்கிறார்கள்.