டிஃபர்னு வந்தா ரிஜெக்டா?

கேள்வி: அக்கா, என் மக அமெரிக்காவுல ஒரு காலேஜுக்கு எர்லி டிசிஷன்ல (கெடச்சா அங்கயே சேர்றேன்னு கையெழுத்துப் போட்டு, முன்கூட்டியே அப்ளை பண்றது) போட்டிருந்தா, டிசம்பர் நடுவுல 'டிஃபர்'னு மெயில் வந்துச்சு. விடிகாலை 6 மணிக்குப் போனை மடியில வச்சுக்கிட்டு, பல்லுகூட வெளக்காம உக்காந்திருந்தா. இது ரிஜெக்ட் தானா?
- ஒரு அம்மா, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இல்லம்மா. வேணாம்னா அந்த மெயில்லயே சொல்லியிருப்பாங்க. அவ ஃபைலை ரெகுலர் ரவுண்டுக்குத் தள்ளியிருக்காங்க, மத்தவங்களோட சேத்துத் திரும்பப் படிப்பாங்க, பதில் மார்ச் கடைசி வாக்குல வரும். கெடச்சா சேர்ந்தே ஆகணும்னு போட்ட கையெழுத்தும் இனி அவளைக் கட்டாது, அதனால ஜனவரி ஆரம்பத்துல முடியற மத்த காலேஜுக்கெல்லாம் உடனே போடச் சொல்லுங்க. ரெண்டு நாள் அழுதா அழட்டும், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கெடச்சதை மட்டும் இப்ப பேசாதீங்க, ப்ளீஸ். அப்புறம், காலேஜ் அனுப்ப வேணாம்னு சொல்லலைன்னா, இன்னும் ஆசை இருக்குன்னு ஒரு பக்கத்துல லெட்டர் எழுதட்டும், பழைய கட்டுரையையே திரும்ப எழுதாம நவம்பருக்கப்புறம் செஞ்சதை எழுதணும். பிப்ரவரியில ஏ லெவல் (இங்க காலேஜுக்கு முன்னாடி எழுதற பரீட்சை) ரிசல்ட் வந்ததும் ஸ்கூல் மூலமா அதையும் அனுப்பிடுங்க, சிங்கப்பூர் யுனிவர்சிட்டிங்களான என்யூஎஸ், என்டியூ அப்ளிகேஷனை விட்டுடாதீங்க.