ஓய்வுக்காலத்தில் கேரவன் பயணத்தை நிறுத்திவிடலாமா?

கேட்டவர் தேவகோட்டை நகரத்தார். அவருக்கு 67, அவர் மனைவி ஆச்சிக்கு 63. ஓய்வுபெற்றதும் ஒரு ட்ராவலர் வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து வீடாக்கி ஊர் சுற்றி வருகிறார்கள். இப்போது முழங்கால் வலி வந்துவிட்டது. சிங்கப்பூரிலிருக்கும் பிள்ளைகள் போன் போடும்போதெல்லாம் "போதும் அப்பச்சி, வித்துருங்க" என்கிறார்கள். விற்றுவிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் காரைக்குடி. இங்கே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் பேட்டரிப் பக்கம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவன். நாங்களும் இதே மாதிரி ஒரு வண்டி வைத்திருந்து, போன வருடம்தான் விற்றோம். அப்படியும் உங்களுக்கு நான் சொல்வது: இப்போதைக்கு விற்காதீர்கள். ஆனால் ராத்திரி ஓட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நம் வயதில் முதலில் கைவிடுவது காலோ இடுப்போ அல்ல, இருட்டில் கண். வயது ஏற ஏற கண்மணி சுருங்கும், லென்ஸ் மங்கும். இருபது வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் அறுபதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகும் என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். அதோடு லேசாகக் கண்புரையும் இருந்தால், எதிரே வருகிற பஸ் ஹைபீம் போட்டதும் சில நொடிக்கு ரோடே இருக்காது. திருமயத்திலிருந்து காரைக்குடி வரும் ரோட்டில் அந்தச் சில நொடியில் மாடு படுத்திருக்கலாம், லைட் இல்லாத டிராக்டர் போய்க்கொண்டிருக்கலாம். தை மாதம் இன்னும் மோசம். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். நீங்களே ஒருகாலத்தில் காவடியோடு நடந்திருப்பீர்கள். ரோட்டோரம் நடக்கிறவனுக்கு வண்டி வருவது தெரியும், அவன் இருப்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது.

லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். 55 வயதுக்கு மேல் அதை ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், அதற்குப் படிவம் 1ஏ-யில் மருத்துவர் சான்றும் வேண்டும். அந்தப் படிவம் என்ன கேட்கிறது தெரியுமா? 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட், நல்ல பகல் வெளிச்சத்தில் தெரிகிறதா என்று. மாலைக்கண் நோய் உண்டா என்றும் கேட்கும், ஆனால் சாயங்காலம் ஆறரை மணிக்கு எதிர்வெளிச்சத்தில் ரோடு தெரிகிறதா என்று கேட்பதில்லை. அதை நாமாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஆச்சி. உங்கள் கேள்வியில் உங்கள் முழங்கால் இருக்கிறது, பிள்ளைகளின் கவலை இருக்கிறது, அவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் இல்லை. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? ஓசூர் தாண்டி எங்கேயோ உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரப்போவது யார்? இரண்டு பேரில் ஒருவர்தான் ஓட்டுவார் என்றால், நீண்ட பயணம் முழுக்க அந்த ஒருவரின் உடம்பை நம்பித்தான். ஐம்பது வயதில் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, எழுபதை நெருங்கும்போது யோசிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குத் தான்தான் உழைக்கிறோம் என்று ஒரு நினைப்பு இருக்கும். எங்கள் வீட்டில் ஒருநாள் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் ஆயிருச்சு. எனக்கு அதே அடுப்புதான், இடம்தான் சின்னதாப் போச்சு." எங்கள் வண்டி விற்கப்பட்டதற்கு டயர், பேட்டரி, டாக்டர் எல்லாவற்றையும்விட இந்த ஒரு பேச்சுதான் காரணம். ஆச்சிக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் தொடருங்கள். உங்களுக்காகக் கூட வருகிறார் என்றால் அது வேறு. நேரடியாகக் கேட்டால் "எனக்கு என்ன, நீங்க சொல்றதுதான்" என்று வரும். அடுத்த பயணத்துக்கு ஊரையும் நாளையும் அவரையே முடிவு செய்யச் சொல்லிப் பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்று பலர் சொல்வார்கள். காருக்குச் சரி. இந்த வண்டிக்குச் சரிப்படாது. ராத்திரி அவர் எங்கே படுப்பார்? முன்சீட்டில் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது, நமக்குக் கூச்சம் போகாது. லாட்ஜ் போட்டுக் கொடுத்தால், அந்தக் காசில் நாமே லாட்ஜில் தங்கிவிடலாம்.

முழங்கால் வலிக்காரருக்கு ஏறி இறங்குவது பெரிய தொல்லை இல்லை, ஒரு படியும் கைப்பிடியும் போட்டால் சமாளிக்கலாம். தொல்லை கழிவு சேரும் கழிப்பறைப் பெட்டியில்தான். நிறைந்தால் இருபது கிலோவுக்குப் பக்கத்தில் வரும். வெளிநாட்டில் கேரவன் பார்க்குக்குப் பார்க் அதைக் கொட்ட இடம் இருக்கிறது. கேரளாவில் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே கொண்டுவந்தார்கள். நம் பக்கம் பெட்ரோல் பங்க் கழிப்பறை வரை நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இதைத் தூக்க முடியாத நாள் வந்தால் கழிப்பறை உள்ள பயணம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா நிறுத்திவைப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், என் தொழில் என்பதால் மட்டும் இல்லை. "விற்கவும் மனசில்லை, ஓட்டவும் இல்லை" என்று கொட்டகையில் போட்டுவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. ஈய அமில பேட்டரி சும்மா கிடந்தாலே தானாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்படும், அப்புறம் சார்ஜே ஏறாது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் வாய்க்கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போட்டிருந்தால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதையும் முழுதாக இறங்கவிட்டு மாதக்கணக்கில் போடக்கூடாது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். எலி வயரைக் கடிப்பது தனிக்கதை.

பிள்ளைகள் பேச்சில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐயா காலத்தில் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, பர்மாவுக்குக் கப்பலேறினால் மூன்று வருடத் தவணை முடிந்துதான் ஊர் முகம் பார்ப்பார்கள். கடுதாசிதான் போகும் வரும். இன்று நீங்கள் தஞ்சாவூரில் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் போன் எடுக்காவிட்டால் சிங்கப்பூரில் பதறுகிறது. அந்தப் பதற்றத்துக்காக விற்க வேண்டாம். இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிவது மாதிரி வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், பாதி சண்டை குறையும்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் அடுத்த லைசென்ஸ் புதுப்பிப்பு வரை வைத்திருப்பேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர், மதியச் சாப்பாட்டுக்குள் நிறுத்தம். தேவகோட்டையிலிருந்து ராமேஸ்வரம், தஞ்சாவூர் எல்லாம் அதற்குள் அடங்கும். கொடைக்கானல் மலைப்பாதை வேண்டாம். மழைக்கு முன்னால் வீட்டு ஓடு மாற்றுகிற வேலை இருக்குமே, அந்தச் சமயம் ஊரில் இருங்கள். பங்காளிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காசி மாதிரி தூரத்துக்கு ரயில்தான். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020இல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் கீழ்ப்படுக்கைக்கு ஒதுக்கீடு உண்டு. அங்கே போனால் உங்களுக்கு நகரத்தார் சத்திரம் இருக்கிறது, நம் ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும். இது எங்களுக்குக் கிடைக்காத வசதி, கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

விற்பது என்று முடிவானால், உங்களால் ஓட்டிக் காட்ட முடிகிற நிலையிலேயே விற்றுவிடுங்கள். ஓடாத வண்டிக்கு வருகிறவன் இரும்பு விலைதான் கேட்பான். ஆர்சியில் கேம்பர் வேன் என்று இருக்கிறதா, பயணிகள் வண்டி என்றே இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பதிவில் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருந்தால் விற்கும்போதும் தொல்லை, காப்பீடு கேட்கும்போதும் தொல்லை. கேஸ் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கொடுங்கள். பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விடாமல், பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பார்க்கும்வரை காப்பீட்டை ரத்து செய்யாதீர்கள்.