சுவீடனின் ஏரிகளிலும் தீவுகளிலும் பாய்மரப் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் படகு நீருக்குள் 1.8 மீட்டர் அமிழும். யோத்தா கால்வாய் வழியாகச் செல்ல முடியுமா?

பதில்: தாராளமாகச் செல்லலாம். 1832இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அக்கால்வாய், வேனர்ன் ஏரிக்கரையிலிருந்து பால்டிக் கடலோரத்து மேம் வரை 190 கி.மீ. நீள்கிறது. 2.82 மீட்டர் அமிழ்வும் 22 மீட்டர் உயரப் பாய்மரமும் கொண்ட படகுகள் வரை அனுமதி உண்டு. வழியிலுள்ள 58 நீர்ப்பூட்டுகளில் (கதவுகளை மூடி, நீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் அறைகளில்) கவனம் தேவை. மேலேறும்போது தண்ணீர் கொந்தளித்து உள்ளே பாயும். பின்கயிற்றை நேராக மேலே கரை வளையத்தில் மாட்டி, முன்கயிற்றைத் தொலைவில் முன்னே கொண்டுசென்று, நீர் உயர உயர இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கும்போது மட்டும் எந்தக் கயிற்றையும் முடிச்சிட்டு விடாதீர்கள். முடிச்சிட்டால், நீர் வடிந்தபின் படகு சுவரில் தொங்கும்.

கேள்வி: யோத்தா கால்வாய் வழியில் வரும் வெட்டர்ன் ஏரியைக் கடப்பது கடினமா?

பதில்: கார்ல்ஸ்போரியிலிருந்து மூத்தாலாவுக்குக் குறுக்கே செல்லும் தூரம் சிறிதுதான். ஆனால் குளிர்ந்த நீரும் குத்தலான அலையும் கொண்ட ஏரி அது. காற்று ஓயும்வரை காத்திருங்கள்.

கேள்வி: படகோட்டும் உரிமம், விசா?

பதில்: என் துறை அன்று. தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டாக்ஹோம் தீவுகளில் பாறையில் முன்முனையை வைத்துக் கட்டுகிறார்களாமே! குடாவின் நடுவில் நங்கூரமிடுவதுதானே பாதுகாப்பு?

பதில்: அங்கே ஏறத்தாழ 30,000 தீவுகளும் திட்டுகளும் உள்ளன. பனியாறுகள் வழவழப்பாகத் தேய்த்த பாறைகள் பல இடங்களில் செங்குத்தாக நீருக்குள் இறங்குவதால், கரைக்கு மிக அருகிலும் ஆழம் கிடைக்கும். ஓதமும் (கடல்நீரின் ஏற்றவற்றமும்) அநேகமாக இல்லை. எனவே பின்முனையிலிருந்து நங்கூரத்தை முதலில் இறக்கி, அது பிடித்ததை உறுதிசெய்தபின், மெதுவாக முன்னேறிப் பாறையிலோ மரத்திலோ கட்டுவது அவ்வூர் வழக்கம். நடுவில் சுற்றிக் கிடக்கும் ஒரு படகு, பத்துப் படகுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி (அதே நண்பர்): காற்று திரும்பிக் கரையை நோக்கி வீசினால் அது தற்கொலைக்குச் சமம் அல்லவா?

பதில்: மிகைப்படுத்துகிறீர்கள், எனினும் கேள்வி நியாயமானது. ஒருமுறை பாசியில் சிக்கிய என் நங்கூரம் நள்ளிரவில் நழுவியது. முன்முனையில் பாறை உரசிய தழும்பு இன்றும் இருக்கிறது. அதனால்தான் மாலைதோறும் காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, திசை மாறுவதாக இருந்தால் வெளிச்சத்திலேயே வேறு குடாவுக்குச் செல்லச் சொல்கிறேன். ஓதம் இல்லையென்றாலும் காற்றழுத்தத்தாலும் காற்றாலும் நீர்மட்டம் மாறும். அடிக்கட்டைக்குக் கீழே இடம் விடுங்கள்.

மற்றொருவர்: நடு நங்கூரமே சிறந்தது என்பதே என் கருத்தும்.

பதில்: ஆழ்ந்த, கூட்டமில்லாத குடாவானால் ஒப்புக்கொள்கிறேன். இந்த வாதத்தை இத்துடன் முடிப்போம்.

கேள்வி: எந்தத் தீவிலும் இறங்கலாமா?

பதில்: பிறர் நிலத்திலும் எவரும் இயற்கையை நாடிச் செல்லலாம் என்னும் சுவீடனின் பொதுமக்கள் உரிமைப்படி, வீடுகளிலிருந்து விலகிய இடத்தில் ஓரிரு இரவுகள் தங்கலாம். பறவைக் காப்பிடங்களில், பலகை குறிக்கும் காலத்தில், கரையை நெருங்கவும் கூடாது. 2015 முதல் கழிப்பறைக் கழிவைக் கடலில் விடுவதற்கும் தடை உள்ளது.

கேள்வி: எங்கள் படகு 2 மீட்டர் அமிழும். யோத்தா கால்வாயில்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: யோத்தா கால்வாயில் பெர்க் என்ற இடத்தில் ஏழு நீர்ப்பூட்டுகள் தொடர்ச்சியாக உள்ளனவாம். கிழக்கே செல்லும்போது அவற்றில் கயிற்றை ஒரேயடியாகக் கட்டிவிட்டு ஓய்வெடுக்கலாமா?

பதில்: அங்கே நீங்கள் ஏறத்தாழ 19 மீட்டர் இறங்குவீர்கள். கயிற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சிடாதீர்கள்.